பொய் ஜன்னல்

வரைந்த திரை ஒரு செங்கல் வரிசை கீழே இறங்கியிருந்தது.

ஐவி டக்கெட் வாயில் துணிக் கிளிப்பைக் கவ்வியபடி, மகளுடைய சிவப்புக் கம்பளிக் கையுறைகளில் ஒன்றைக் கொடியில் மாட்டிவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டின் பக்கச் சுவரையே பார்த்து நின்றாள். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் வெளிச்சம் பால் அதிகமாகிப்போன தேநீர் போல வெளுத்துவிட்டது. நிலக்கரிப் புகையும், வயலில் குவித்து வைத்த பீட் கிழங்கு அழுகுகிற நாற்றமும் ஈரக் காற்றோடு தாழ வந்து, அவள் காலையிலிருந்து முதுகு ஒடியத் துவைத்த துணிகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டன. அவள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். வெள்ளைத் திரை எப்போதும் ஜன்னலின் நடுச்சட்டத்தோடு முடியும். இன்றைக்கு நடுச்சட்டத்தை மறைத்து, அதற்கும் கீழே ஒரு வரிசை வந்திருந்தது.

அது ஜன்னலே இல்லை என்பதுதான் விஷயம். வின்டர்பி எஸ்டேட்டில் வேலைக்காரர்களுக்குக் கட்டிய வீடுகள் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பம், ஒரே பச்சையில் கதவு, வாசலுக்கு மேலே பிரபு குடும்பத்தின் எழுத்துகளும் 1861 என்ற வருஷமும் செதுக்கிய கல். டக்கெட் குடும்பத்தின் பாதி, வரிசையின் கடைசியில் இருந்தது. அதன் பக்கச் சுவர் நேரே பெரிய வீட்டுத் தோட்டத்தைப் பார்த்தது. மாட்டுக்காரன் வீட்டு ஜன்னல், சீமாட்டிகள் உலாவுகிற புல்வெளியைப் பார்க்கலாமா? கூடாது. சரி, சீமாட்டிகள் உலாவும்போது கண்ணெதிரே மொட்டைச் சுவர் நிற்கலாமா? அதுவும் கூடாது. தொண்ணூற்றைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மகா புத்திசாலி இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி கண்டுபிடித்தார். ஜன்னல் அளவுக்குச் செங்கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டி, கறுப்புப் பூசிக் கண்ணாடியாக்கி, வெள்ளைக் கோடு இழுத்துச் சட்டமாக்கி, வீட்டில் ஆள் இருக்கிற மாதிரித் தெரியட்டும் என்று பாதி இறங்கிய வெள்ளைத் திரை ஒன்றையும் வரைந்துவிட்டார். பார்க்கப்படுவதற்கு ஒரு ஜன்னல், பார்ப்பதற்கு இல்லை. ஏழு வருஷத்துக்கொரு முறை எஸ்டேட் பெயின்டர் ஏணி போட்டு ஏறி, அதே ஜன்னலை அதே அளவில் மறுபடி வரைந்துவிட்டுப் போவார்.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஏழு வயது ஹேஸல் படுத்திருந்தாள். மாடியில் அறை இரண்டு. முன்னறை ஐவிக்கும் கணவன் எட்வினுக்கும், பின்னால் இருக்கிற இந்தப் பொந்து மகளுக்கு. காற்று கிடையாது, வெளிச்சம் கிடையாது, குளிர்காலம் வந்தால் சுவர் வியர்க்கும். குழந்தைக்கு அக்டோபரில் தொடங்குகிற இருமல் ஏப்ரலில்தான் ஓயும். பொய் ஜன்னலை நிஜ ஜன்னலாக்கிக் கொடுங்கள் என்று ஐவி ஐந்து தடவை எஸ்டேட் ஆபீஸுக்கு எழுதிவிட்டாள். ஐந்து தடவையும் ஒரே பதில்: தோட்டப் பக்கத்துத் தோற்றத்தை மாற்ற இயலாது. ஐந்தாவது பதிலை அவள் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

அந்தக் கோபத்தில்தான் வியாழக்கிழமை அப்படிச் செய்தாள்.

வியாழக்கிழமை மூத்த சீமாட்டியின் சவ ஊர்வலம். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டு ஜன்னல் திரைகள் இறங்கும். பார்த்த அண்டை வீடுகளும் தங்கள் திரைகளை இறக்கும். தெருவில் போகிறவன் தொப்பியைக் கழற்றுவான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எஸ்டேட் ஆபீஸ் சொல்லித் தந்தது. காலை பத்து மணி முதல் எல்லா வீடுகளிலும் எல்லாத் திரைகளும் இறக்கப்பட்டிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சீட்டு வந்தது.

"அவங்க எனக்கு ஒரு ஜன்னலத் தெறக்க மாட்டாங்களாம், நான் மட்டும் இருக்கறத எல்லாம் மூடணுமா?" என்றாள் ஐவி.

ஒட்டின வீட்டு விதவை மிஸஸ் பெக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சினாள். "வேணாம் கண்ணு. செத்தவங்க மேல கோவம் வச்சுக்கக் கூடாது. ஒரு மணி நேரம்தானே, எறக்கிவிட்டுட்டுப் போயேன்."

ஐவி இறக்கவில்லை. எஸ்டேட் ஆட்கள் ஆறு பேர் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். அதில் எட்வினும் ஒருவன். வரிசை முழுக்கக் கண்மூடிக் கிடக்க, தன் வீடு மட்டும் திரைகளெல்லாம் மேலே சுருண்டு விழித்துக்கொண்டு நிற்பதையும், முன் ஜன்னலில் தன் பெண்டாட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும் அவன் பார்த்தான். பெட்டி அந்த இடத்தில் ஒரு நொடி தடுமாறிவிட்டுப் போயிற்று.

இரண்டு நாளாகியும் அவன் அதை மறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், உருகின கொழுப்புத் தடவிய ரொட்டியை மென்றுகொண்டே, ஐவி சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"செங்கல்லு மேல அடிச்ச பெயின்ட், ஐவி. அது எப்படி எறங்கும்?"

"எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? எறங்கியிருக்கு. நீயே வந்து பாரு."

"நான் பாத்தேன். எப்பவும் போலத்தான் இருக்கு."

"நடுச்சட்டம் தெரியுதா?"

"நடுச்சட்டமெல்லாம் யாரு பாத்தா? பெரிய வீட்டு மூஞ்சியில அடிச்சுட்டு, இப்ப புதுசா ஒரு புகார் கெளப்பாத. இது வேலையோட சேந்த வீடு. வேலை போனா வீடும் போச்சு. புரியுதா?"

புரிந்தது. ஏழெட்டு வருஷமாக இதையேதான் புரியவைத்துக்கொண்டிருக்கிறான். ஐவி பாத்திரத்தைத் தொட்டியில் ஓங்கிப் போட்டாள்.

இருமலுக்கு மகள் மார்பில் தடவ வாத்துக் கொழுப்பை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போனபோது ஹேஸல் கட்டிலில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தலைமாட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரை உப்பிப்போன, வியர்வை வழிகிற அதே சுவர். இருமல் இல்லை. மூச்சில் அந்த விசில் சத்தமும் இல்லை.

"என்னடி பண்ற அங்க?"

"வெளிச்சம் பாக்கறேன்மா."

"எந்த வெளிச்சம்?"

"ஜன்னல் வெளிச்சம்." குழந்தை இதைவிடச் சாதாரணமாக எதையும் சொன்னதில்லை. "புல்வெளில கறுப்பு கவுன் போட்டவங்க நெறையப் பேர் நிக்கறாங்க. எல்லாரும் நம்ம வீட்டையே பாக்கறாங்க."

"எதுக்கு?"

"திரை எறங்கட்டும்னு."

ஐவி கொழுப்புக் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்தாள். மகளை அப்படியே போர்வையோடு வாரித் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து, தன் படுக்கையில், தனக்கும் சுவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டாள். விடிந்து பார்த்தபோது பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. ஹேஸல் பின்னறையில், கட்டில்மேல், நெற்றியைச் சுவரில் ஒட்டிவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே திரை இன்னும் இரண்டு வரிசை இறங்கியிருந்தது. கீழே ஜன்னல் படி போல வரைந்திருந்த அடிச்சட்டம்வரை பாக்கி ஒன்பது வரிசை. அதைத் தொட்டால் திரை முழுதாக இறங்கியதாக அர்த்தம். முழுதாக இறங்கினால் அந்த அறையில் என்ன என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

திங்கட்கிழமை அவள் சர்ச்சுக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு எஸ்டேட் ஆபீஸுக்குப் போனாள். ஏஜென்ட் ஹார்பாட்டில் முக்கால் மணி நேரம் அவளை நடைவழியில் நிற்கவைத்தார். உள்ளே கணப்பு எரிந்தது, நாய் ஒன்று அதன் முன்னால் நிம்மதியாகப் படுத்திருந்தது. அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மிஸஸ் டக்கெட், அஞ்சு லெட்டர்ல என்ன கேட்டீங்க? ஜன்னல் வேணும்னு. இப்ப வந்து என்ன சொல்றீங்க? ஜன்னல்ல திரை எறங்குதுன்னு. ரெண்டுல எதுன்னு ஒண்ணு சொல்லுங்க."

"அது ஜன்னலே இல்ல சார்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். இல்லாத ஜன்னல்ல என்ன ரிப்பேர் வரப்போகுது?"

"சார், என் பொண்ணு அந்த ரூம்லதான் படுத்திருக்கா."

"டாக்டர் பாத்தாரா?"

பார்த்திருந்தார். அதுதான் இன்னும் எரிச்சல். காலையில் வந்த டாக்டர் ஹேஸலின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மூச்சு இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை, என்ன கைவைத்தியம் செய்தீர்கள் என்று ஐவியைப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார்.

"பாத்தார். நல்லாயிருக்கான்னார்," என்றாள். வேறு என்ன சொல்வது?

"அப்புறம் என்ன? அந்தப் பக்கம் பெயின்ட் முறை அறுபத்தொண்ணுலதான் வருது, இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அவசரம்னா எழுதிக் குடுங்க, மாசக் கடைசியில மேல வைக்கறேன்." பிறகு, பேனாவைப் பார்த்துக்கொண்டே சேர்த்துச் சொன்னார். "வியாழக்கிழமை உங்க வீட்டுத் திரையெல்லாம் மேலயே இருந்ததைப் புதுப் பிரபு கவனிச்சார். உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். அதுனால நான் ஒண்ணும் சொல்லல."

ஆறாவது கடிதத்தை அவள் அங்கேயே, அவருடைய மேஜை ஓரத்தில் குனிந்து, அவருடைய மட்டப் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். கோபத்தில் நிப்பு வளைந்தது. வீட்டுக்கு வந்து எண்ணினாள். எட்டு.

மிஸஸ் பெக்கிடம் கேட்டால், "நான் அந்தச் சுவத்தப் பாக்கறதே இல்ல கண்ணு" என்று வேலியை விட்டு நகர்ந்துவிட்டாள். எட்வினிடம் கேட்டால் அவன் தட்டைத் தள்ளிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டான். யாராவது ஒருத்தர், ஆமாம் ஐவி, எனக்கும் தெரிகிறது என்று சொன்னால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பயத்தைவிட இதுதான் அவளைத் தின்றது.

புதன்கிழமை எஸ்டேட் பெயின்டர் ஏபெல் ஸ்கோட் தானாக வந்தார். ஆபீஸில் பேசிக்கொண்டதைக் கேட்டாராம். அறுபது வயது மனிதர். அந்த ஜன்னலை மூன்று முறை வரைந்தவர், அவருக்கு முன் அவர் அப்பா வரைந்தார். கையில் ஒரு மரக் குச்சி.

"திரையோட அளவுக் குச்சி, மிஸஸ் டக்கெட். எங்கப்பா வெட்டினது. மேல் விளிம்புல வச்சா அடி நுனி எங்க முடியுதோ, அங்கதான் திரை முடியணும். இப்பவே தெரிஞ்சுரும்."

ஏணியில் ஏறினார். மேல் விளிம்பில் குச்சியை வைத்தார். அடி நுனி வெள்ளை முடிகிற இடத்தில், மயிரிழை பிசகாமல் வந்து நின்றது.

"பாத்தீங்களா? சரியாத்தான் இருக்கு."

"என்ன சரியா இருக்கு? நடுச்சட்டம் எங்க?" ஐவி கீழேயிருந்து கத்தினாள். "நீங்க வரஞ்ச நடுச்சட்டம், ஏபெல்! திரைக்குக் கீழ ஒரு கோடு போட்டீங்களே, எங்க அது?"

அவர் கட்டைவிரலால் வெள்ளையைத் தொட்டார். விரலைப் பார்த்தார். கால்சட்டையில் தேய்த்தார், மறுபடி பார்த்தார், மறுபடி தேய்த்தார். கீழே இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ரெண்டு வருஷம் ஆச்சு நான் அடிச்சு," என்றார். "காயாம எப்படி இருக்கும்?"

"இதப் போயி ஹார்பாட்டில் கிட்ட சொல்லுங்க. உங்க கால்ல விழறேன், நீங்க சொன்னா கேப்பாங்க. சுவத்த ஒடைக்கச் சொல்லுங்க."

"சொல்றேன். அனுமதிச் சீட்டு வாங்கிட்டு வரேன். சீட்டு இல்லாம ஒரு செங்கல்லுகூட நான் தொட முடியாது, தெரியுமில்ல." ஏணியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். குச்சியை எடுத்துப் போகவில்லை. ஐவி அதை எடுத்துத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். இடுப்பைத் தாண்டக் கூடாத, பாதி ஜன்னலுக்கான குச்சி அவள் மார்புவரை வந்தது. உடைத்து அடுப்பில் போட்டாள்.

சீட்டாம் சீட்டு! அவள் காத்திருக்கவில்லை. மிஸஸ் பெக்கின் ஆப்பிள் பறிக்கிற ஏணியைக் கேட்காமலே எடுத்து வந்து சாய்த்து, அடுப்புக்குப் பூசுகிற கறுப்பு மெருகை டப்பாவோடு கொண்டுபோய், நடுச்சட்டத்துக்குக் கீழே இருந்த வெள்ளை முழுக்கத் தேய்த்து அப்பினாள். முழங்கைவரை கறுப்பு. பின்னால், தோட்டப் பக்கம், உலர்ந்த புல்லில் துணிகள் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பல துணிகள். நீளமான துணிகள். திரும்பிப் பார்த்தால் காலியான புல்வெளி, பனி, தூரத்தில் பெரிய வீட்டுப் புகைபோக்கிகள். அவள் திரும்பிக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மறுநாள் காலை அந்தக் கறுப்பை மூடிக்கொண்டு வெள்ளை வந்திருந்தது. நான்கு வரிசை பாக்கி.

அன்றைக்கு ஐவி வீட்டில் இருக்கிற எல்லாத் திரைகளையும் பட்டப்பகலில் இறக்கினாள். முன் ஜன்னல், சமையலறை, முன்னறை, ஒன்றுவிடாமல். இருட்டின கூடத்தின் நடுவில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, "தப்புதான். என் தப்புதான். மன்னிச்சிடுங்க, சீமாட்டி" என்றாள். சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். மன்னிப்பும் கேட்டாயிற்று, வேறு என்னதான் வேண்டும் இவர்களுக்கு? மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

"அம்மா, மேலேர்ந்து இருட்டாயிட்டே வருது," என்றது ஹேஸலின் குரல். பயமில்லாத குரல். "கீழ மட்டும் கொஞ்சம் தெரியுது. அவங்க இப்ப ரொம்பக் கிட்ட வந்துட்டாங்க. பாவாடை மட்டும்தான் தெரியுது."

ஐவி படிகளில் ஓடினாள். மகளைக் கீழே இழுத்து வந்தாள். பின்னறைக் கதவுக்கு ஆணி அடித்தாள், எட்டு ஆணி. வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஆணிகள் எட்டும் அப்படியே இருந்தன. குழந்தை கதவுக்கு உள்ளே இருந்தாள். எட்வின்தான் கடப்பாரை வைத்துக் கதவைப் பெயர்த்தான். மகள் சுவரில் நெற்றி ஒட்டித் தூங்குவதைப் பார்த்தான், ஆணிகளைப் பார்த்தான், ஐவியைப் பார்த்தான். கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான்.

"உங்கக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்றான் கடைசியில். "லிங்கன் டவுனுக்கு. நாளைக்கு ரெண்டு மணி பஸ்ஸுல. வீடு போனாப் போகட்டும்."

இதை ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? ஐவி அவன் தோளில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, அங்கேயே முகத்தைப் பதித்து அழுதாள். அன்றிரவு அவள் தூங்கவில்லை. மகளை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பங்கரையில், இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்வின் வாசற்படியில் நாற்காலி போட்டுக்கொண்டான். குழந்தை எங்கும் போகவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். பஸ் நிற்கிற இடம் வீட்டுக்கு எதிரேதான், சாலையின் மறுபக்கம். அங்கிருந்து பார்த்தால் வரிசையின் முன்புறமும் தெரியும், பக்கச் சுவரும் தெரியும். ஐவி பெட்டியைக் கீழே வைத்தாள். ஹேஸலுக்கு நீலக் கோட்டு, கழுத்துவரை பொத்தான், சிவப்புக் கையுறைகள். அவளுடைய வலது கையைத் தன் இடது கையால் இறுகப் பற்றிக்கொண்டாள். விரல்கள் கம்பளிக்குள் கதகதவென்று இருந்தன.

திரையில் ஒரே ஒரு வரிசை பாக்கி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் சிரிப்பு. "எறங்கு," என்றாள் சுவரைப் பார்த்து. "நல்லா எறங்கு. தரை வரைக்கும் எறங்கு. யாருமில்லாத ரூமுல எறங்கி என்ன பண்ணப்போற? இவ இங்க இருக்கா. என் கையில இருக்கா."

மேட்டுக்குக் கீழே பஸ் கியர் மாற்றுகிற உறுமல் கேட்டது. இன்னும் இரண்டு வளைவு.

"அம்மா," என்றாள் ஹேஸல், பக்கத்திலிருந்து. "இருட்டிருச்சு."

வெயில் சாலையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது. ஐவி ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் இறங்கிவிடும் என்று தோன்றியது. பிடியை மட்டும் இறுக்கினாள்.

டக்.

மரம் மரத்தில் தட்டுகிற சத்தம். சின்னச் சத்தம். திரையின் அடிக்கட்டை ஜன்னல் படியில் உட்காருகிற சத்தம். எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம்தான்.

செங்கல் சுவரிலிருந்து வந்தது.

வெள்ளை, முழுக்க வெள்ளை. கறுப்பு ஒரு கோடுகூட இல்லை.

மிஸஸ் பெக்கின் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. திரை இறங்கியது. அடுத்த வீட்டில் இறங்கியது. அதற்கடுத்த வீட்டில். வரிசை முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக, டக், டக், டக். தோட்டக்காரன் வீடு. பள்ளிக்கூட டீச்சர் வீடு. மேட்டில் காவல்காரன் வீடு.

"ஏய்!" ஐவி கத்தினாள். "என்ன பண்றீங்க? யாருக்கு எறக்கறீங்க? மேல தூக்குங்க! தூக்குங்கடி!"

தொழுவத்துப் பக்கமிருந்து நாலு ஆட்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள், ஐவியையும் மகளையும் வழியனுப்ப வந்த எட்வினும் கூட. அவர்கள் கண் மேலே போயிற்று. கால்கள் நின்றன. தொப்பிகள் இறங்கின. பழக்கம், எட்வினின் கையும் தானாகவே போய்த் தொப்பியை எடுத்தது. எடுத்த பிறகுதான் அது யார் வீட்டு ஜன்னல் என்று அவன் பார்த்தான். தொப்பி சாலையில் விழுந்தது.

ஏபெல் ஏணியோடு குறுக்கு வழியாக ஓடி வந்தார். கையில் ஒரு காகிதம்.

"சீட்டு குடுத்துட்டாங்க, மிஸஸ் டக்கெட்! ஒத்துக்கிட்டாங்க! திங்கக்கிழமை சுவத்த ஒடைச்சு நெஜ ஜன்னலே..."

நின்றார். மேலே பார்த்தார். ஏணியை வேலியில் சத்தமில்லாமல் சாய்த்தார். தொப்பியைக் கழற்றி, காகிதத்தோடு சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சு. தங்கமான பொண்ணு."

"யாரு? யாரச் சொல்றீங்க?" ஐவியின் குரல் கிழிந்தது. "கண்ணு தெரியலயா உங்களுக்கு? இதோ நிக்கறா! நல்லா பாருங்க, இதோ!"

பிடித்திருந்த கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

கை லேசாக வந்தது.

சிவப்புக் கையுறை. உள்ளே இன்னும் சூடு. கை நுழைகிற வாயில் ஈர வெள்ளைப் பெயின்ட்.

அவள் பக்கத்தில் பார்க்கவில்லை. கீழே பார்க்கவில்லை. மெதுவாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

திரை அடிவரைக்கும் இறங்கியிருந்தது. அதன் கீழ் விளிம்பை மட்டும், உள்ளேயிருந்து, வெளியே எட்டிப் பார்ப்பதற்காக யாரோ ஒரு விரலளவு தூக்கிப் பிடித்திருந்தார்கள். செங்கல்மேல் பெயின்டால் வரைந்த இரண்டு சின்னக் கைகள். இன்னும் காயவில்லை. ஒன்றில் சிவப்புக் கையுறை இருந்தது. மற்றது வெறும் கை.